கல்லைத் தூக்கிக் காட்டு

எங்கள் ஊர்ப் பத்மநாபபுரம் கொட்டாரத்தில், அதாவது அரண்மனையில், ஒரு கல் உண்டு. பீடத்தின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். எடை 38 கிலோ. ராஜாவின் படையில் சேர வந்த பையன் அதைத் தலைக்குமேல் 101 தடவை தூக்கிக் காட்ட வேண்டும் என்று அங்கே சுற்றிக்காட்டுகிறவர்கள் சொல்வார்கள். தூக்கினால் வேலை. முடியாவிட்டால் வீட்டுக்குப் போய் மரச்சீனிக் கிழங்கு தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். சுற்றுலா வருகிற கல்லூரிப் பையன்கள் கல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, கண்ணாடிபோல் மின்னும் கருப்புத் தரையைத் தடவிப் பார்க்கப் போய்விடுவார்கள்.

எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தக் கல்லின்மேல் எனக்குப் பெரிய மரியாதை. பரீட்சையை வாசலிலேயே வைத்த கல் அது.

இன்றைக்கு அந்தப் படையை ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். “கல்லா? அதெல்லாம் எதற்கு? இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒன்று, பின்பக்கம் ஒன்று” என்று பையனைச் சேர்த்துக்கொள்வார்கள். வருஷா வருஷம் அவன்தான் ராஜாவுக்குச் சம்பளம் கொடுப்பான். பதினைந்து வருஷம் கழித்துப் போரில் ஒரு கையை இழந்து வந்து நிற்பான். அப்போதுதான் அலுவலர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்பார்: “சேரும்போது கல்லை 101 தடவை தூக்கினீரா? ஆதாரம் உண்டா? இல்லையென்றால் இப்போது தூக்கிக் காட்டும்.” ஒரு கைதானே இருக்கிறது என்று அவன் சொன்னால், “அதை நாங்கள் குறித்துக்கொண்டோம், வருந்துகிறோம்” என்று பதில் வரும். வருந்துவதற்கு மட்டும் எந்தக் கம்பெனியிலும் காத்திருப்புக் காலம் கிடையாது.

எங்கள் தெருவுக்கு ஓர் ஏஜென்ட் வருவார். நல்ல மனிதர். கல்யாண வீடு, மரண வீடு எதையும் விடமாட்டார். இரண்டிலும் தொழில் நடக்கும். சாயாவை உறிஞ்சிக்கொண்டே ஃபார்மை நிரப்புவார்.

“சுகர் உண்டுமா சார்?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா இல்லைன்னே போட்டிருவோம். பிரஷர்?”

“எப்பவாவது.”

“எப்பவாவதுன்னா அதுவும் இல்லதான்.”

இப்படி ஒரு சாயா ஆறுவதற்குள் எனக்குப் பதினெட்டு வயசின் உடம்பு திரும்ப வந்துவிட்டது. எந்த வைத்தியராலும் முடியாத காரியம். ராஜா 64 வகை மூலிகை மரத்தில் செய்த கட்டிலில் படுத்தார். டச்சுக்காரர் கொடுத்தது என்று சொல்வார்கள், இப்போதும் கொட்டாரத்தின் மேல்மாடியில் கிடக்கிறது. அந்தக் கட்டிலால் ஆகாதது இவருடைய ஒரு ரூபாய்ப் பேனாவால் ஆயிற்று.

ஃபார்ம் இங்கிலீஷில். பாலிசியும் இங்கிலீஷில்தான், அதுவும் கடுகைவிடச் சின்ன எழுத்தில். ஆனால் குறை சொல்லக் கூடாது. 2024 ஜனவரி 1 முதல் பாலிசியின் சாரத்தை எளிய நடையில் ஒரு தகவல் தாளாகத் தர வேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. கேட்டால். கேட்கலாம் என்பதை நமக்கு யார் சொல்வது? இந்த ஊர்க்காரனுக்குத் தமிழும் தெரியும், மலையாளமும் ஒருமாதிரி தெரியும். அவனைக் கவிழ்ப்பதற்கென்றே மூன்றாவதாக ஒரு மொழி வேண்டியிருக்கிறது.

விற்கும்போது ஏஜென்ட் கம்பெனியின் வாய். கிளெய்ம் என்று போய் நின்றால் அவர் உங்கள் கையாகிவிடுவார்: “ஃபார்மில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?” விற்கும்போது ஒரு சாயாவுக்குள் முடிந்த விசாரணை அப்போதுதான் உண்மையாகவே ஆரம்பிக்கும். புலனாய்வாளர் ஒருவர் வருவார். ஆறு வருஷத்துக்கு முன்னால் தக்கலையில் ஏதோ ஒரு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைச் சீட்டைத் தேடிப் பிடிப்பார். இவ்வளவு கெட்டிக்காரரைப் பாலிசி எழுதுகிற அன்றைக்கு எங்கே ஒளித்துவைத்திருந்தார்கள் என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கே அவரை அனுப்பியிருந்தால் பிரீமியம் போயிருக்கும். பிரீமியம் வாங்கும்வரை கண்ணில்லை. பணம் கொடுக்கவேண்டி வந்தால் நெற்றிக்கண்ணே திறக்கிறது.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. 2009-ல் ஒருவர் உறவுக் கல்யாணத்துக்காக அமெரிக்கா கிளம்பினார். சுகர் உண்டு என்று ஒளிக்காமல் சொல்லி, மருத்துவப் பரிசோதனையும் செய்து, வெளிநாட்டுப் பயண மெடிக்ளெய்ம் எடுத்திருந்தார். சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் உடம்புக்கு முடியாமல் போயிற்று. மாரடைப்பு. மூன்று ஸ்டென்ட். பொதுத்துறைக் கம்பெனி கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டதை நீர் சொல்லவில்லையே என்று கையை விரித்தது. சுகர் உண்டு என்று தெரிந்தே பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள்தான். அவர் படியேறிப் படியேறி உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தபோது தேதி 2021 டிசம்பர் 6. நோயை மதிப்பிட்டு ஏற்றுக்கொண்டு பாலிசி கொடுத்தபின் அதையே காட்டி மறுக்க முடியாது என்று தீர்ப்பு. விமானம் ஏறியவர் பணத்தைத் தொடப் பன்னிரண்டு வருஷம். எங்கள் கொட்டாரத்து ராஜா மார்த்தாண்டவர்மா டச்சுக்காரனைக் கொளச்சலில் அடித்து விரட்ட இவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது ‘விபத்து’ என்கிற சொல். நீங்களும் நானும் நினைக்கிற விபத்து அல்ல அது. திடீரென்று நடக்க வேண்டும். எதிர்பாராததாக இருக்க வேண்டும். நம் விருப்பமில்லாமல், வெளியிலிருந்து, கண்ணுக்குத் தெரிகிறமாதிரி, வன்மையாக வந்து தாக்க வேண்டும். இத்தனை பொருத்தமும் பார்த்துச் சாக வேண்டும். கல்யாணத்துக்குக்கூடப் பத்துப் பொருத்தம்தான் பார்க்கிறார்கள், அதிலும் நாலைந்து குறைந்தால் ஜோசியர் ஒப்பேற்றிவிடுவார்.

மொசாம்பிக்கில் தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்த ஓர் இந்தியர் 2012-ல் கொசு கடித்து மலேரியாவில் இறந்துபோனார். வீட்டுக் கடனோடு சேர்ந்த விபத்துக் காப்பீடு இருந்தது. கொசு எதிர்பாராமல்தானே கடித்தது என்று நுகர்வோருக்கான மாவட்ட மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் மூன்றும் மனைவிக்குச் சாதகமாகச் சொல்லின. உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் மாற்றிப் போட்டது: அந்த நாட்டில் மூன்றில் ஒருவருக்கு மலேரியா வருகிறது, அங்கே கொசு கடிப்பது எதிர்பாராதது ஆகாது. அடுத்த மாதமே இன்னொரு வழக்கு. பைக்கில் போன ஒருவருக்கு நெஞ்சு வலி, வண்டியோடு விழுந்தார், இறந்தார். ஆயுள் காப்பீட்டின் அடிப்படைத் தொகை வந்தது. விபத்துக்கான தொகை வரவில்லை. கொன்றது ரோடு என்று நிரூபணமில்லை, நெஞ்சுதான் என்று முடிந்துபோயிற்று. ஆக, பைக்கில் போகும்போது நெஞ்சு வலித்தால் உடனே இறந்துவிடக் கூடாது. கொஞ்சம் பொறுத்து, விழுந்து, தலை நன்றாக அடிபட்டதற்குச் சாட்சியும் வைத்துவிட்டு, பிறகு இறக்க வேண்டும்.

நீதிபதிகளை நான் குற்றம் சொல்லவில்லை. பாலிசியில் இருந்த வார்த்தையை அவர்கள் படித்தார்கள். அந்த வார்த்தைகளைப் பொறுக்கி அடுக்கிவைத்தவர்கள் வேறு. கொசுவைக்கூட முன்கூட்டியே எதிர்பார்த்து எழுதத் தெரிந்த அந்த மூளைக்கு, புருஷன் செத்த பெண் ஒருத்தி வந்து நிற்பாள் என்பது மட்டும் எதிர்பாராத சம்பவம்.

எதிர்பார்ப்பது என்று பார்த்தால் எங்கள் நெடுஞ்சாலையில் நடக்கிற எதையும் விபத்து என்றே சொல்ல முடியாது. தக்கலையிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை வரைக்கும் எங்கள் மலைகள்தான் டாரஸ் லாரியில் ஏறிக் கேரளத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. விழிஞ்ஞத்தில் துறைமுகம் எழும்ப வேண்டுமே. அளவுக்குமேல் பாரம், அகலமில்லாத ரோடு, நடுவில் குழி. எதிரே ஸ்கூட்டரில் ஒரு குடும்பம். இதில் எந்த இடத்தில் திடீரென்று ஏதாவது இருக்கிறது? போராட்டம் நடத்தாத கட்சி இல்லை. லாரியும் நின்றபாடில்லை.

அடிபட்டவருக்குச் சட்டத்தில் பொன்னான நேரம் என்று ஒன்று எழுதிவைத்திருக்கிறார்கள். அடிபட்டதிலிருந்து ஒரு மணி நேரம். அதற்குள் பணம் கேட்காமல் சிகிச்சை கிடைத்தால் உயிர் தங்கும். கோயம்புத்தூரின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைச் சாவுகளைப் பார்த்துப் பொறுக்காமல் 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தி, இதற்கு ஒரு திட்டம் வேண்டும் என்று 162-ஆம் பிரிவில் எழுதினார்கள். அந்தப் பிரிவு 2022 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. திட்டம் மட்டும் வரவில்லை. 2025 ஜனவரியில் நீதிமன்றம் மத்திய அரசுக்குக் கெடு வைத்தது. கெடுவும் தாண்டி, 2025 மே 5-ல் அறிவிப்பு வெளியானது: 7 நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை, கட்டணமில்லாச் சிகிச்சை. ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றும் திட்டத்துக்குப் பிரிவு அமலான பிறகும் மூன்று வருஷத்துக்குமேல் ஆயிற்று. அந்த மூன்று வருஷத்தில் ரோட்டில் கிடந்தவர்களுக்கெல்லாம் எந்தப் பொன்னைக் கொண்டுபோய்க் கொடுப்பது?

தமிழ்நாட்டரசு இதில் முந்திக்கொண்டது, ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை. ஒரு லட்சம் ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். அட்டை வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், எந்த மாநிலத்தான், எந்த நாட்டான் என்ற கேள்வியும் வேண்டாம். விபத்து மட்டும் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்க வேண்டும். இங்கேதான் எங்கள் ஊரின் ஜாதகம் குறுக்கே வருகிறது. 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். கொட்டாரத்தை மட்டும் இன்றுவரை கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. மண் ஒரு சர்க்கார், மாளிகை இன்னொரு சர்க்கார். திருவனந்தபுரத்துக்காரர் தங்கள் கொட்டாரத்தைப் பார்க்க வந்து தக்கலையில் லாரி மோதினால் அவருக்கு 48 மணி நேரம் உண்டு. தக்கலைக்காரன் வேலைக்குப் போகிற வழியில் களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையில் மோதப்பட்டால் அவனுக்கு இந்த 48 கிடையாது. ஆகவே லாரி வருவது தெரிந்தால் எந்தப் பக்கம் பாய்வது என்று மக்கள் இனி வரைபடம் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.

48 மணி நேரம் முடிந்து 49-வது பிறக்கும்போதுதான் சொந்த பாலிசி அலமாரியிலிருந்து இறங்கும். கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜ் என்றால் மூன்று மணி நேரத்தில் அனுமதி, தாமதத்தால் ஏறும் வாடகை கம்பெனி தலையில் என்று 2024 மே மாதம் காப்பீட்டு ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. இந்த வரியைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு, சாமானெல்லாம் கட்டி வைத்துக்கொண்டு, பில் கவுண்டர் முன்னால் அந்தி சாயும்வரை ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்குமே, அவர்களிடமும் வாசித்துக் காட்டலாம். பொழுது போகும்.

பில் வரும். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் சொல்லித்தராத கணக்கு. மூன்று லட்சத்துக்குப் பாலிசி, அறை வாடகைக்கு உச்சவரம்பு அதில் ஒரு சதவீதம் என்று எங்கோ எழுதியிருக்கும். அதாவது நாளுக்கு 3,000. அன்றைக்கு அந்த வாடகையில் அறை காலியில்லை என்று 6,000 ரூபாய் அறையில் படுக்க வைத்துவிட்டார்கள். மிச்சம் 3,000-த்தை நாம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? தீராது. நீர் பாதி அறைக்குத்தான் தகுதியானவர், ஆகவே டாக்டர் ஃபீஸும் பாதி, ஆபரேஷன் தியேட்டர் வாடகையும் பாதி. மருந்து, உள்ளே வைத்த கம்பி, பரிசோதனை போன்றவற்றுக்கு விலக்கு. கட்டில் கொஞ்சம் பெரிதாகப் போனதற்கு எலும்பு முறிவைப் பாதியாக்கிவிடுகிற கணிதம் இது. ஊட்டுபுரையில் ஆயிரக்கணக்கான பேருக்குத் தினம் சோறு போட்ட கொட்டாரம் இது. வாழை இலை பெரிதாக விழுந்துவிட்டது என்று யாருக்கும் பாதி வயிறோடு எழுந்திருக்கச் சொன்னதாகக் கேள்வியில்லை.

பிறகு, ‘கொடுக்கப்படாத பொருட்கள்’ என்று ஒரு பட்டியல். 68 இருக்கின்றன. பேபி ஃபுட், துணி வெளுக்கும் கூலி, மினரல் வாட்டர், சரி, இருக்கட்டும். கீழே வாருங்கள். கிரேப் பேண்டேஜ். கையை மாட்டித் தொங்கவிடும் ஸ்லிங். கழுத்துப் பட்டை. எலும்பை அசையாமல் வைக்கும் ஸ்பிளின்ட். நடக்க உதவும் கைத்தாங்கி. கையுறை. மருத்துவக் காப்பீடு எடுத்தவனுக்கு விபத்து நடந்தால் முதலில் எது தேவைப்படுமோ அதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, விட்டுப்போகாமல் எழுதியிருக்கிறார்கள். கை ஒடிந்தால் கைக்கு உண்டு, கையைக் கட்டும் துணிக்கு இல்லை. இந்தப் பட்டியலுக்கு மட்டும் இத்தனை மனிதாபிமானம் எங்கிருந்து வந்தது? அடிபட்டவனோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பழகியவனால்தான் இவ்வளவு கச்சிதமாக எழுத முடியும். எல்லாப் பொருளுக்குமாகச் சேர்த்துத் தனியாக ஓர் இணைப்புப் பாலிசியும் விற்கிறார்கள். அதற்குத் தனிப் பிரீமியம்.

ரயில்காரர்கள் மலிவு. இணையத்தில் டிக்கெட் எடுத்தால் 45 பைசாவுக்குப் பத்து லட்சம். உறுதியான டிக்கெட்டோ ஆர்ஏசியோ இருக்க வேண்டும். ரயில் தடம் புரள்வது, மோதுவது மாதிரி சட்டம் சொல்லும் சம்பவமாகவும் இருக்க வேண்டும். நாமினி பெயரைப் போட ஒரு லிங்க் வரும். லோன் வேண்டுமா என்று வரும் குறுஞ்செய்திகளுக்கு நடுவில் வருவதால் அதையும் அழித்துவிடுவோம். இறந்தவரின் உடலைக் கொண்டுபோகப் பத்தாயிரம் தனியாக உண்டு. அந்த இடத்தில் மட்டும் துல்லியம். கவுண்டரில் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தவருக்கு இது இல்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் கழிப்பறை வாசலில் நின்றபடி நாகர்கோவிலிலிருந்து போகிற பையனுக்கும் இல்லை. முதலில் விழப்போகிறவன் அவன்தான். அவனுக்கு ரயில்வே தீர்ப்பாயம் இருக்கிறது. உயிருக்கு எட்டு லட்சம் தரும். வழக்குப் போட்டு நடக்க வேண்டும்.

வங்கிக்காரர் இன்னும் மலிவு. வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். பிரதம மந்திரி பெயரில் 2015 மே மாதம் தொடங்கியது, அப்போது 12 ரூபாய். மே மாதக் கடைசியில் பாஸ்புக்கில் நாலைந்து இங்கிலீஷ் எழுத்தும் ஒரு 20-ம் இருக்கும். மினிமம் பேலன்ஸுக்குப் பிடித்தது என்று நினைத்து வீட்டார் மானேஜரைத் திட்டுவார்கள். கணக்குக்காரர் விபத்தில் இறந்துபோனால், இப்படி ஒன்று எடுத்திருந்தார் என்று பெண்டாட்டிக்குத் தெரியாது. 20 ரூபாயைப் பிடிக்கத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, கணக்குக்காரர் இறந்த சான்றிதழோடு அவள் கணக்கை மூட வந்து நிற்கும்போது “அம்மா, உங்களுக்கு இரண்டு லட்சம் இருக்கிறது” என்று சொல்லத் தெரியாது. அதற்குக் கூடியவரை 30 நாளுக்குள் அவளே ஃபார்ம் கொடுக்க வேண்டுமாம். புருஷனைப் புதைத்து முப்பதாவது நாளில் அவள் ஃபார்ம் பூர்த்தி செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தவர் வீட்டில் யாருமே செத்ததில்லை போலும்.

இந்த மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத ஊர் எது? குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவருக்கு பிரவாசி பாரதீய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. விபத்தில் இறந்தால் பத்து லட்சம். நல்ல திட்டம். ஆனால் விசிட் விசா என்று ஏஜென்ட் ஏற்றி அனுப்பிய பையன் காகிதத்தில் வேலைக்குப் போகவே இல்லை. சாரத்திலிருந்து விழும்போது அவன் ஒரு சுற்றுலாப் பயணி. துபாயைச் சுற்றிப் பார்க்கப் பதினாலாவது மாடிவரை சாரத்தில் ஏறியிருக்கிறான்.

கிளெய்மை மறுத்தால் எங்கே போவது என்று கேட்பீர்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அவர் சென்னையில் இருக்கிறார். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், காணொளியிலும் கேட்பார்கள். மெய்யாகவே உபயோகமான இடம். அதனால்தான் மறுப்புக் கடிதத்தில் அதன் முகவரி கடைசியில், ஆகச் சின்ன எழுத்தில் இருக்கிறது. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதத்துக்குமேல் காத்திருக்க வைக்கக் கூடாது. 60 மாதம் விடாமல் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்தாய் என்று சொல்லித் தள்ள முடியாது. எல்லாம் இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்கு உடம்பில் பலம் இருக்க வேண்டும். கல்லை 101 தடவை தூக்கப் போதுமான பலம்.

கொட்டாரத்தில் ஒரு சுரங்கப்பாதையும் உண்டு. ஆபத்து வந்தால் ராஜ குடும்பம் அதன் வழியே சாரோட்டுக் கொட்டாரத்துக்குத் தப்பிப்போக ஏற்பாடு என்று சொல்வார்கள். இப்போது அடைத்துவிட்டார்கள். எங்கே அடைத்தார்கள், அப்படியே பாலிசிக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். நாற்பது பக்கம் பூமுகம், குதிரை விளக்கு, மரச் செதுக்கல். நாற்பத்தோராம் பக்கத்தில், ‘விலக்குகள்’ என்று ஒரு சின்னக் கதவு. ஆபத்து வந்த அன்றைக்கு நாம் பூமுகத்தில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். ராஜா சாரோட்டில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் ஏஜென்ட் மறுபடி வந்தார். பழைய கம்பெனி வேண்டாம், புதுக் கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம், புது ஃபார்ம் என்றார். நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். சுகர் என்ற இடத்தில் ‘உண்டு’ என்று போட்டேன். பிரஷர், உண்டு. 2016-ல் ஒரு தடவை மயங்கி விழுந்தது, உண்டு. அவர் சாயாவைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், இப்படி எழுதினா கம்பெனி எடுக்காது.”

“எடுக்காட்டி இன்னைக்கே சொல்லட்டும். பணம் மிச்சம்.”

கொஞ்ச நேரம் ஃபார்மையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து இன்னொரு ஃபார்மை எடுத்தார். புதுசு. ஒன்றுமே எழுதாதது.

“சுகர் கொஞ்சம்தானே சார்?” என்றார்.